அடுத்த மழைக்குப் பிறக்கும் பிள்ளைக்காக

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி அடைமழையில் ஓர் இரவு. என் அக்காவின் பேத்திக்கு அப்போது மூன்று மாதம். முதலில் மூக்கு ஒழுகியது. வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் அண்ணனுக்கும் அந்த வாரம் சளிதான், எல்.கே.ஜி. வகுப்பு முழுக்கச் சளிதான். மூன்றாம் நாள் குழந்தை பால் குடிக்க மறுத்தது. மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே தோல் குழிந்து குழிந்து எழுந்தது. மழையிலேயே ஆட்டோ பிடித்து ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்த்தோம். ஆக்சிஜன் வைத்தார்கள், மூக்கு வழியே குழாய் போட்டுப் பால் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் பிள்ளை சிரித்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சீட்டில் 'வைரல் பிராங்கியோலைட்டிஸ்' என்று எழுதியிருந்தது. எந்த வைரஸ் என்று அதில் இல்லை.

இல்லாமல் போனதில் எங்கள் குடும்பத்துக்கும் பங்கு உண்டு. சேர்த்த மறுநாள் காலை ஓர் ஆய்வு மாணவி படுக்கையருகே வந்தாள். கையில் மூன்று பக்கப் படிவம், முழுவதும் ஆங்கிலத்தில். "அம்மா, ஒரு ஆராய்ச்சிக்காக பாப்பா மூக்குல இருந்து கொஞ்சம் சளி எடுத்துக்கலாமா?" என்று அக்காவிடம் கேட்டாள். "இதால எம் பேத்திக்கு என்னம்மா பிரயோசனம்?" என்றாள் அக்கா. அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள். பிறகு, "இந்தப் பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று உண்மையைச் சொன்னாள். "அப்ப வேணாம் கண்ணு. அதுவே மூச்சு விடக் கஷ்டப்படுது" என்று அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அந்தப் படிவத்தைப் படித்துச் சொல்லத் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். நானும் வாய் திறக்கவில்லை.

அந்தக் கேள்விக்கும் அந்தப் பதிலுக்கும் நடுவில் இருப்பதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

மழைக்காலத்தில் கைக்குழந்தைகளின் நெஞ்சை இப்படி அடைக்கும் கிருமிகளில் முதலிடம் ஆர்எஸ்விக்கு. முழுப்பெயர் ரெஸ்பிரேட்டரி சின்சிஷியல் வைரஸ். மூச்சுப்பாதையின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து ஒரே பிண்டமாக்கிவிடும் என்பதால் வந்த பெயர். 1956-இல் அமெரிக்காவில் ஆய்வுக்கூடச் சிம்பன்சிகளுக்குச் சளி பிடித்தபோது முதலில் அகப்பட்டது. அடுத்த ஆண்டே வைரஸ் ஆய்வாளர் ராபர்ட் சானக் அதைக் குழந்தைகளிடம் கண்டார். இரண்டு வயது முடிவதற்குள் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளையும் ஒருமுறையாவது தொட்டுவிடுகிறது. பெரும்பாலோருக்கு வெறும் ஜலதோஷம். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கும் குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும்தான் உயிராபத்து அதிகம். 2019-ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீடு ஒன்று, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இறப்புகளை இந்த வைரஸின் கணக்கில் எழுதுகிறது. அவற்றில் 97 விழுக்காடு ஏழை, நடுத்தர வருவாய் நாடுகளில் நடந்தவை. மருத்துவமனைக்கு வந்து இறந்தவை சுமார் 26,000 மட்டுமே. மீதிக் குழந்தைகள் வீட்டிலும் வழியிலும் போயின என்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

இவ்வளவு பழகிய வைரஸை இன்னும் என்ன படிக்க வேண்டியிருக்கிறது? ஒரு மருந்தின் கதையைச் சொல்கிறேன்.

செல்லுக்குள் நுழைவதற்கு ஆர்எஸ்வி பயன்படுத்துவது எஃப் புரதம். அந்தப் புரதத்தில் ஓரிடத்தைப் பற்றிக்கொண்டு வைரஸை முடக்கும் ஆன்டிபாடி ஒன்றை ரீஜெனரான் நிறுவனம் உருவாக்கியது. பெயர் சப்டாவுமாப். ஆர்எஸ்வியில் ஏ, பி என்று இரண்டு கிளைகள் உண்டு. ஆய்வகத்தில் அது இரண்டையும் பிடித்தது. 1,100-க்கும் மேற்பட்ட குறைமாதக் குழந்தைகளிடம் பரிசோதனை நடந்தது. 2017 ஆகஸ்டில் நிறுவனம் திட்டத்தையே கைவிட்டது. ஏ வகையிடம் மருந்து வேலை செய்திருந்தது. பி வகையிடம் செய்யவில்லை. அந்தக் குழந்தைகளின் மூக்கிலிருந்து எடுத்த பி வகை வைரஸ்களைப் படித்துப் பார்த்தபோது, எஃப் புரதத்தின் 172, 173-ஆம் இடங்களில் இரண்டே இரண்டு அமினோ அமிலங்கள் மாறியிருந்தன. மருந்து பிடிக்க வேண்டிய இடமே அதுதான். மருந்து தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில், அதற்குச் சம்பந்தமே இல்லாமல், ஊர் உலகத்தில் சுற்றிக்கொண்டிருந்த பி வகை தன் போக்கில் மாறிவிட்டது.

அந்த ஆண்டுகளில் ஆர்எஸ்வியைப் படித்த பெரும்பாலோர் அதன் ஜி மரபணுவில் ஒரு துண்டை மட்டும் படித்துவந்தார்கள். கிளை பிரிக்க அது போதும். எஃப் மரபணு உட்பட மொத்தத்தையும் படித்தவர்கள் சிலரே, அதிலும் ஒருசில நாடுகளில் மட்டும். பல நாடுகளில் மாதாமாதம் சில பத்துக் குழந்தைகளின் சளியை முழுமையாகப் படித்து உடனுக்குடன் பொதுவில் வைத்திருந்தால், அந்த மாற்றம் பரவுவதை முன்கூட்டியே பார்த்திருக்கலாம் என்பது என் எண்ணம். அந்தப் பரிசோதனைக்குத் தங்கள் பிள்ளைகளைத் தந்த ஆயிரத்துச் சொச்சம் பெற்றோரின் நம்பிக்கையும் இப்படி வீணாகியிருக்காது.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. நிர்செவிமாப் என்ற ஆன்டிபாடி 2022-இல் ஐரோப்பாவிலும் 2023-இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. ஒரே ஊசி, சுமார் ஐந்து மாதக் காப்பு. கர்ப்பிணிக்குப் போட்டுத் தாய் வழியாகச் சிசுவைக் காக்கும் தடுப்பூசியும் வந்துவிட்டது. அதற்கு 2025 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனத்தின் முன்தகுதி கிடைத்தது. இரண்டுக்கும் இலக்கு அதே எஃப் புரதம்தான். பிரான்சில் 2023-24 குளிர்காலத்தில், ஊசி போட்டும் நோய்ப்பட்ட குழந்தைகளின் வைரஸை எடுத்துப் படித்தார்கள். ஏ வகையில் தப்பித்த தடயம் இல்லை. பி வகையில் மட்டும் மிகச் சிலவற்றில் மருந்தின் பிடியிலிருந்து நழுவும் மாற்றம் தெரிந்தது. அங்கே தேடினார்கள், கிடைத்தது. அந்த ஊசியும் தடுப்பூசியும் நம் ஊர்ச் சுகாதார நிலையங்களுக்கு வரும் நாள் ஒன்று இருக்கிறது. அன்று இங்கே சுற்றும் வைரஸ் எப்படி இருக்கும் என்று கேட்டால், நம்மிடம் தொடர்ச்சியான ஏடு ஒன்று இருக்க வேண்டாமா?

வேலை ஒன்றும் மாயம் இல்லை. ஆர்எஸ்வியின் மரபுச்செய்தி ஏறக்குறைய 15,200 எழுத்து நீளமுள்ள ஓர் ஆர்என்ஏ இழை. படியெடுக்கும்போது ஆண்டுக்குச் சுமார் பத்து எழுத்து பிசகும். பெரும்பாலான பிசகு ஒன்றுமில்லாதது. எப்போதாவது ஒன்று உலகைச் சுற்றிவிடும். 1999-இல் புவனஸ் அயர்ஸ் நகரில் எடுத்த பி வகைச் சாம்பிள்களில் ஜி மரபணுவின் 60 எழுத்துகள் இரட்டித்திருந்தன. சில ஆண்டுகளில் உலகின் பி வகை பெரும்பாலும் அந்த வம்சமாகிவிட்டது. 2010-11 குளிர்காலத்தில் கனடாவின் ஒன்டாரியோவில் ஏ வகையில் 72 எழுத்து இரட்டித்தது தெரிந்தது; அதுவும் அப்படியே பரவி நம் நாட்டையும் எட்டியது. அர்ஜென்டினாவில் ஒரு பிள்ளையின் மூக்கில் நடப்பதற்கும் அரியலூரில் ஒரு பிள்ளையின் நெஞ்சு அடைப்பதற்கும் இடையில் வெகுதூரம் இல்லை.

ஆனால் எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. எந்தத் தேதியில் எடுத்தது, குழந்தைக்கு எத்தனை மாதம், எந்த மாவட்டம், ஆக்சிஜன் தேவைப்பட்டதா, தாய்க்கு ஊசி போட்டிருந்ததா என்ற நாலைந்து வரி கூடவே வர வேண்டும். அந்த வரிகளை எழுதுவது கோடி ரூபாய் இயந்திரம் அல்ல, இரவுப் பணியில் நாற்பது படுக்கையைப் பார்த்துக்கொள்ளும் செவிலியர். குச்சியைச் சரியான ஆழத்தில் விட்டு எடுப்பதும், சாம்பிளைக் குளிர்ப்பெட்டியில் வைத்து அன்றே அனுப்புவதும், பெட்டியில் ஐஸ் உருகாமல் பேருந்திலோ வேனிலோ கொண்டுபோவதும் பெயர் வெளியே தெரியாத மனிதர்களின் வேலை. அவர்களில் ஒருவர் தவறினாலும் 15,200 எழுத்தும் பயன் இல்லை.

இதை முழு மனதோடு செய்த ஓர் ஊர் உண்டு. கென்யாவின் இந்தியப் பெருங்கடல் கரையில், மொம்பாசாவுக்கு வடக்கே கிலிஃபி. அங்கே ஒரு மருத்துவ ஆய்வு நிலையம் 2002 முதல் மருத்துவமனைக்கு வரும் குழந்தைகளிடம் ஆர்எஸ்வியைத் தேடிவருகிறது. 2009-10-இல் ஒருபடி மேலே போனார்கள். கிராமப்புறத்தில் 47 வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் கைக்குழந்தை உண்டு. நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தாத்தா முதல் சிசுவரை அத்தனை பேர் மூக்கிலும் வாரம் இருமுறை சாம்பிள், ஆறு மாதம். மொத்தம் ஏறக்குறைய 17,000 சாம்பிள்கள். களப்பணியாளர் படலைத் திறந்துகொண்டு வரும்போதெல்லாம், உடம்பு நன்றாக இருக்கிறவர்கள்கூட மூக்கைக் காட்டியிருக்கிறார்கள்.

கைக்குழந்தைக்கு நோயைக் கொண்டுவந்தவர் யார் என்று பார்த்தபோது, வீட்டுக்குள்ளிருந்தே தொற்று வந்த குழந்தைகளில் பெரும்பாலோர் விஷயத்தில் அதே வீட்டின் மூத்த பிள்ளைதான் முதலில் நோய்ப்பட்டிருந்தது. அந்த மூத்த பிள்ளைகளிலும் பலர் பள்ளிக்கூடம் போகிறவர்கள். பிறகு அந்தச் சாம்பிள்களின் முழு மரபணுத்தொகுப்பைப் படித்தார்கள். ஒரு வீட்டில் அடுத்தடுத்து வந்த சளி ஒரே வைரஸ் கைமாறியதா, வெளியிலிருந்து தனித்தனியாக நுழைந்ததா என்பது எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டபோதுதான் பிரிந்து தெரிந்தது. அன்று எல்.கே.ஜி. படித்த அக்காவின் பேரனை எண்ணிக்கொண்டு இதைப் படித்தபோது எனக்கு உள்ளே என்னவோ செய்தது. உலகம் முழுக்க இன்று கர்ப்பிணிக்குத் தடுப்பூசியா, சிசுவுக்கு ஊசியா, அண்ணன் அக்காளுக்கா என்று பேசும்போது எடுத்துக்காட்டும் ஆதாரங்களில் கிலிஃபியின் அந்த வீடுகளும் உண்டு.

அங்கே இது எப்படிச் சாத்தியமானது? பணமும் கருவியும் வெளியிலிருந்து வந்தன, உண்மைதான். ஆனால் அந்த நிலையம் ஊர்மக்களே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளோடு அடிக்கடி உட்கார்ந்து பேசும் ஏற்பாட்டை வைத்திருக்கிறது. எதற்காக எடுக்கிறோம், எங்கே போகிறது, என்ன தெரியவந்தது என்பதை ஊருக்குத் திரும்பிப் போய்ச் சொல்கிறார்கள். எங்கள் அக்காவிடம் அந்தப் பேச்சு நடக்கவில்லை. அந்த மாணவியைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. தமிழில் ஒரு பக்கம் எழுதிக்கூடக் கொடுக்காமல் அவளை அனுப்பியிருந்தார்கள்.

நம்மிடம் கருவி இல்லை என்று இனிச் சொல்ல முடியாது. கொரோனாவின் இரண்டாம் அலையில் தமிழ்நாட்டுச் சாம்பிள்கள் பெங்களூருக்குப் போய், முடிவுக்காக நாம் காத்துக்கிடந்தோம். 2021 செப்டம்பரில் சென்னை தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் சுமார் 4 கோடி ரூபாயில் மாநில அரசின் சொந்த மரபணு வரிசையாக்க ஆய்வகம் திறக்கப்பட்டது. வேலூரில் பல பத்தாண்டு அனுபவமுள்ள வைராலஜித் துறை இருக்கிறது. புனேயில் 1952 முதல் இயங்கும் வைரஸ் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. 1939-லேயே பொதுச் சுகாதாரத்துக்கென்று சட்டம் கண்ட மாநிலம் இது. நமக்குக் குறைவது தொடர்ச்சி. பெரும் பயம் வந்தால் ஓடுவோம், பயம் தணிந்தால் இயந்திரத்துக்குத் துணி போர்த்துவோம். ஆர்எஸ்வி தலைப்புச் செய்திக்கு வருகிற கிருமி அல்ல. ஆண்டுதோறும் தவறாமல் வருவது. அதனாலேயே மறந்துபோகிறோம்.

தமிழ்நாட்டுக்கென்று தனியாகத் தெரிய வேண்டியதும் உண்டு. வட இந்தியாவில் இது குளிர்கால நோய். இங்கே மழையை ஒட்டி எழுகிறது. ஐந்து மாதக் காப்புத் தரும் ஊசியை எந்த மாதம் போடத் தொடங்குவது என்ற முடிவு இந்தக் கணக்கில் தொங்குகிறது. டெல்லியின் நாட்காட்டியை வைத்து நாகப்பட்டினத்துக் குழந்தைக்கு ஊசி போட்டால், மழை வந்து போன பிறகு போட்டதாகிவிடும்.

ஒரு நியாயமான ஆட்சேபம் இருக்கிறது. ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியும் குழந்தைக்கேற்ற ஆக்சிஜன் குழாயும் இல்லாத இடத்தில் வரிசையாக்கம் எதற்கு? இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் தயங்காமல் ஆக்சிஜனுக்குக் கை தூக்குவேன். ஆனால் எல்லாப் பிள்ளையின் சளியையும் படிக்கத் தேவையில்லை. கடற்கரை, மலை, சமவெளி, மாநகரம் என்று பார்த்து எடுத்த சில மருத்துவமனைகளில், வாரத்துக்குச் சில சாம்பிள், ஆண்டு முழுவதும், விட்டுப்போகாமல். ஆக்சிஜனுக்கான பணத்தில் கைவைக்காமலே இதைச் செய்யலாம்.

தனியார் மருத்துவமனைகளுக்கு இங்கே தனிப் பொறுப்பு உண்டு. பல ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு இருபது கிருமிக்கு ஒரே நேரத்தில் பிசிஆர் பார்க்கும் பரிசோதனைகள் அங்கேதான் நடக்கின்றன. ஆர்எஸ்வி என்று தெரிந்த சாம்பிள், அறிக்கை அச்சான சில நாளில் குப்பைக்குப் போகிறது. பெயரை நீக்கி, தேதியும் மாத வயதும் மாவட்டமும் மட்டும் ஒட்டி அரசு ஆய்வகத்துக்கு அனுப்பினால் அவர்களுக்குப் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. எடுத்துச்செல்லும் செலவை அரசு ஏற்க வேண்டும். பதிலுக்கு இந்த வாரம் ஊரில் ஏ வகையா, பி வகையா, எங்கே கூடுகிறது என்ற செய்தியை அந்த மருத்துவர்களுக்கு உடனே திருப்பித் தர வேண்டும். வாங்கிக்கொண்டு வாய்மூடும் அரசுக்கு எவரும் இரண்டாம் முறை தரமாட்டார்கள்.

தருகிறவரைத் தண்டிக்காமல் இருப்பதும் இந்தப் பொறுப்பில் சேர்த்திதான். 2021 நவம்பரில் ஒமைக்ரானைக் கண்டறிந்து, மறைக்காமல் உலகுக்குச் சொன்னவர்கள் போட்ஸ்வானா, தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள். ஓரிரு நாளில் அவர்கள் நாடுகளுக்கு விமானங்கள் நின்றன. 2007-இல் இந்தோனேசியா தன் பறவைக்காய்ச்சல் சாம்பிள்களைப் பகிர மறுத்தது. தன் மக்களின் வைரஸைக் கொண்டு செய்யும் தடுப்பூசி தன் மக்களுக்கே எட்டாத விலையில் வரும் என்பது அதன் வாதம். பகிர மறுத்தது ஆபத்தானது என்றே நினைக்கிறேன்; ஆனால் அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. 2011-இல் பெருந்தொற்று இன்ஃபுளுவென்சாவுக்கு மட்டும் ஒரு பகிர்வு ஏற்பாடு பிறந்தது. 2025 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை பெருந்தொற்று ஒப்பந்தத்தை ஏற்றபோதுகூட, கிருமியைத் தருபவருக்கு என்ன திரும்பக் கிடைக்கும் என்ற இணைப்பைப் பின்னால் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார்கள். ஆர்எஸ்வியால் அதிகம் சாகும் குழந்தைகள் எங்கே இருக்கிறார்களோ, அங்கே ஊசி கடைசியாகப் போய்ச் சேர்கிறது. நம் பிள்ளைகளின் சளியிலிருந்து எடுத்த எழுத்துகளை உலகத் தரவுத்தளத்தில் ஏற்றும்போதே, விலை பற்றிய பேச்சில் நம் அரசு உரிமையோடு உட்கார வேண்டும்.

ஊருக்குள்ளும் இதே கதைதான். 2020 மே மாதம் கொரோனா பரவிய கோயம்பேட்டுச் சந்தையிலிருந்து அரியலூருக்கும் கடலூருக்கும் திரும்பிய கூலித் தொழிலாளர்களை ஊர் எப்படிப் பார்த்தது என்பதை மறக்கக் கூடாது. மரபணு வரிசை யாரிடமிருந்து யாருக்கு என்று ஓரளவு காட்டவல்லது. அதனால் வெளியிடும்போது தெருப்பெயர் வரை போகத் தேவையில்லை, மாவட்டம் போதும். சாம்பிளில் கலந்துவரும் குழந்தையின் சொந்த மரபணுத் தடயங்களைத் தரவேற்றும் முன்பே கணினியில் நீக்கிவிட வேண்டும். பத்திரிகைக்காரர்களான நாங்கள் 'புதிய உருமாற்றம்' என்று கண்டவுடன் கொட்டை எழுத்தில் அலறுவதையும் நிறுத்த வேண்டும். வைரஸ் மாறுவது அதன் இயல்பு. எந்த மாற்றம் மருந்திலிருந்து நழுவுகிறது என்று கேட்டுவிட்டு எழுத எங்களுக்கு ஒருநாள் பிடிக்கும். அந்த ஒருநாளைப் பொறுத்துக்கொள்வது எங்கள் பங்கு.

இவ்வளவும் சொன்ன பிறகும், எல்லாம் தொடங்குவது குழந்தைகள் வார்டில், ஒரு பாட்டியிடம் கேட்கும் கேள்வியில்தான். ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில், தமிழில் ஒரு தாள் வேண்டும். குச்சி சில நொடி உள்ளே இருக்கும், குழந்தை அழும், மூச்சுக்குக் கெடுதல் இல்லை, வேண்டாம் என்றால் வைத்தியத்தில் எந்தக் குறையும் வராது, பெயர் போகாது, எங்கே போகிறது, ஆண்டு முடிவில் என்ன தெரிந்தது என்பதை இதே வார்டுச் சுவரில் ஒட்டுவோம். இவ்வளவு போதும். அந்தச் சுவர்த்தாளை ஒட்ட மறக்காத ஒருவரும் வேண்டும்.

அக்காவின் மகள் இப்போது மறுபடி முழுகாமல் இருக்கிறாள். புரட்டாசி கடைசியில் நாள் சொல்லியிருக்கிறார்கள். போன வாரம் அக்காவிடம் கிலிஃபி வீடுகளைப் பற்றியும், மாறிப்போன அந்த இரண்டு அமினோ அமிலங்களைப் பற்றியும் முடிந்தவரை சொன்னேன். கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள். அந்த ஆப்பிரிக்கப் பெண்களுக்கு அதனால் என்ன கிடைத்தது என்று கேட்டாள். தெரியவந்ததை ஊருக்கு வந்து சொன்னார்கள், ஆனால் ஊசி இன்னும் எல்லோருக்கும் போகவில்லை என்றேன். கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "அன்னிக்கு அந்தப் பொண்ணு இதச் சொல்லியிருக்கலாம்ல" என்றாள். "நீயாவது சொல்லியிருக்கலாம்ல தம்பி" என்றாள்.